திட்டாமல் திரும்பி வருவது: மூச்சைக் கவனிக்க ஓர் அரிச்சுவடி

கண்ணை மூடி உட்கார்ந்து, மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனிக்க வேண்டும். ஐந்து நிமிடம். பயிற்சி இவ்வளவுதான். ஆனால் உட்கார்ந்து பார்த்தால் நாலாவது மூச்சிலேயே மனசு மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குப் போகும் பஸ், ஊரில் இருக்கும் மாமனார், போன பொங்கலுக்கு அவர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல், அதற்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய பதில். "அட, மூச்சைத்தானே பாத்துக்கிட்டு இருந்தோம்" என்று நினைவு வரும்போது ஒரு நிமிடம் ஓடியிருக்கும். உடனே உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: "இதைக்கூட ஒழுங்காச் செய்யத் தெரியலையா? வெளங்கிரும்."

மூச்சுப் பயிற்சி தன்னம்பிக்கை தரும் என்று சொல்கிறவர்கள் நிறைய. எந்த வழியாகத் தரும் என்று கேட்டால் பெரும்பாலும் "மனசு அமைதியாகும், அமைதியானால் நம்பிக்கை வரும்" என்று முடித்துவிடுவார்கள். உண்மையான வேலை நடப்பது மேலே சொன்ன அந்தக் கணத்தில். பழகாதவருக்கு ஐந்து நிமிடத்தில் பல முறை மனசு நழுவுவது சாதாரணம். நழுவும் ஒவ்வொரு முறையும் ஒரு குட்டித் தோல்வி. அந்தத் தோல்வியைப் பார்த்ததும் உங்களை நீங்களே திட்டுகிறீர்களா, திட்டாமல் திரும்பி வருகிறீர்களா என்பதுதான் பயிற்சி. மூச்சு அதற்கு ஒரு மைதானம், அவ்வளவே. யாருக்கும் நஷ்டம் இல்லாத, யாரும் பார்க்காத தோல்விகளை வைத்து, தோற்ற பிறகு எப்படி நடந்துகொள்வது என்று ஒரு நாளைக்குப் பல முறை ஒத்திகை பார்க்கிறோம்.

சொல்லிலேயே ஒரு சிக்கல்

தோற்றபோதும் வலித்தபோதும் தன்னிடம் தானே நல்லவிதமாக நடந்துகொள்வதை உளவியலில் 'செல்ஃப் கம்பாஷன்' என்கிறார்கள். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதை வரையறுத்து, அளக்க ஒரு வினாத்தாளும் வெளியிட்டார். தமிழில் இதைச் சுய இரக்கம், தன்னிரக்கம் என்று எழுதுகிறார்கள். நம் காதில் அது கழிவிரக்கமாக விழுகிறது. மூலையில் உட்கார்ந்து தன் விதியை நொந்துகொள்பவரின் முகம் நினைவுக்கு வருகிறது. அதனால் இங்கே 'தற்பரிவு' என்ற சொல்லை வைத்துக்கொள்வோம்.

நெஃப் சொல்லும் தற்பரிவில் மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று, கனிவு: கூடப் படித்த தோழிக்கு இதே தவறு நேர்ந்தால் எப்படிப் பேசுவோமோ அப்படித் தன்னிடம் பேசுவது. இரண்டாவது, பொதுமை: தடுமாறுவதும் தோற்பதும் எல்லா மனிதருக்கும் உள்ளது, என் ஒருத்திக்கு மட்டும் வாய்த்த சாபம் இல்லை என்று தெரிந்திருப்பது. மூன்றாவது, விழிப்பு: வலியை மூடி மறைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் இருக்கிற அளவிலேயே பார்ப்பது. கழிவிரக்கத்தையும் தற்பரிவையும் பிரிக்கும் கோடு இரண்டாவது பகுதியில் இருக்கிறது. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்பது கழிவிரக்கம். "எல்லாருக்கும் நடக்குறதுதான், இன்னைக்கு எனக்கு நடந்திருக்கு, வலிக்கத்தான் செய்யுது" என்பது தற்பரிவு.

இதைச் சொன்னதும் வீட்டுப் பெரியவர்களிடமிருந்து வரும் எதிர்ப்பு தெரிந்ததுதான்: அடியாத மாடு படியாது. தன்னைத் தானே அதட்டாவிட்டால் சோம்பேறி ஆகிவிடுவோம் என்ற பயம். மதுரைப் பக்கத்தில் இந்தப் பழமொழிக்குப் பதில் வெளியே தேட வேண்டியதில்லை. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடிவாசலுக்கு வளர்க்கும் காளையைப் பொதுவாக அடித்து வளர்ப்பதில்லை. நடக்க விடுகிறார்கள், நீந்த விடுகிறார்கள், மண் குத்தப் பழக்குகிறார்கள், பிள்ளை போலப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சோதனையும் இதே பக்கம்தான் நிற்கிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஜூலியானா பிரைன்ஸும் செரீனா சென்னும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கடினமான சொல் தேர்வு ஒன்றில் சறுக்கிய மாணவர்களில் ஒரு பகுதியினரைத் தங்களிடம் பரிவோடு இருக்கும்படி தூண்டினார்கள். அடுத்த தேர்வுக்கு அவர்கள் மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கூடியது: தோற்றால் உள்ளே அடி விழும் என்று தெரிந்தால், அந்தப் புத்தகத்தைத் திறக்கவே கை வராது.

மூச்சு உடம்பில் செய்வது

ஓய்வாக இருக்கும் வயது வந்த ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறார். சித்தர் மரபில் ஒரு நாளைக்கு 21,600 மூச்சு என்று ஒரு கணக்கு உண்டு. வகுத்துப் பார்த்தால் நிமிடத்துக்குச் சரியாக 15. பயந்தால், கோபப்பட்டால், யாராவது திட்டினால் இந்த எண்ணிக்கை ஏறும், மூச்சு வயிற்றைவிட்டு மார்புக்கு ஏறும். வெளியே இருப்பவர் திட்டினால் மட்டும் அல்ல, நம்மை நாமே திட்டிக்கொண்டாலும் உடம்பு அதே தற்காப்பு நிலைக்குப் போகிறது என்பது பால் கில்பர்ட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளரின் சிகிச்சை முறைக்கே அடிப்படை. அவர் தன்னிடம் வருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் நிதானமான ஒரு மூச்சு லயத்தைத்தான்.

மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் வேகமாகும், வெளியே விடும்போது கொஞ்சம் மெதுவாகும். மணிக்கட்டில் விரல் வைத்து, மெதுவாக நீளமாக மூச்சு விட்டால் இதை நீங்களே உணரலாம். இளவயதினருக்கு நன்றாகத் தெரியும், வயது ஏற ஏறக் குறையும். இந்த மெதுவாக்கும் வேலையைச் செய்வது மூளையின் அடியிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு. இந்த வகைப் பயிற்சிகளில் 'வெளிமூச்சு நீளட்டும்' என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஓய்வில் ஒரு மூச்சுக்கு உள்ளே போவது சுமார் அரை லிட்டர் காற்று. அமைதியாக உட்கார்ந்திருப்பவருக்கு அது போதும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள். பின்னால் வரும் பல தவறுகள் 'நிறைய இழுக்கணும்' என்ற நினைப்பில் தொடங்குபவை.

உட்காருவதற்கு முன்

நேரம்: காலை ஐந்தரையிலிருந்து ஆறரைக்குள், குக்கர் விசில் தொடங்குவதற்கு முன்னால். சித்திரை, வைகாசியில் மதுரை வெயிலுக்கு மத்தியானம் மூணு மணிக்கு உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போவதாக இருந்தால் இருட்டிய பிறகு போங்கள், வெயில் இறங்கியும் தளம் வெகுநேரம் கொதிக்கும். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இரண்டு மணி நேரம் கழியட்டும்.

உடை: இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் பாதிப் பேருக்குத் தடையே இங்கேதான். பாவாடை நாடா, இறுக்கிக் கட்டிய வேட்டி, பெல்ட், ஜீன்ஸ் பட்டன் எல்லாம் வயிற்றைப் பூட்டிவிடும். வயிறு அசைய இடமில்லாவிட்டால் மூச்சு மார்பிலும் தோளிலும்தான் நடக்கும். நாடாவை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள்.

இருக்கை: சம்மணம் போட முடிந்தால் ஜமுக்காளத்தையோ போர்வையையோ மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மடித்து இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் முதுகு தானாக நிமிரும். மூட்டுவலி இருந்தால் பிளாஸ்டிக் நாற்காலி போதும். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பதியட்டும். ஃபேன் காற்று நேராக முகத்தில் அடிக்க வேண்டாம், மூக்கில் காற்று படுவதை உணர முடியாது.

தனி அறை இல்லாத வீடுதான் பலருடையது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கோயிலுக்குப் போகிற வழக்கம் உள்ளவர்களுக்கு மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு நல்ல இடம். செல்போனை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போகவே முடியும்; இந்தப் பயிற்சிக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஐந்து நிமிடம்

முதல் நாள் எதையும் மாற்றாதீர்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து வையுங்கள். எண்ணத் தொடங்கியதும் மூச்சு கொஞ்சம் மாறும், அது எல்லாருக்கும் நடக்கும். பிறகு மல்லாந்து படுத்து, தொப்புளுக்கு மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வையுங்கள். இழுக்கும்போது நோட்டு ஏறி, விடும்போது இறங்க வேண்டும். தலைகீழாக, இழுக்கும்போது வயிறு உள்ளே போனால், பல வருஷமாக வயிற்றை எக்கியே பழகியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். மூன்று நான்கு நாள் படுத்தபடியே செய்தால் சரியாகிவிடும். நுரையீரலுக்குக் கீழே குடை போல விரிந்திருக்கும் உதரவிதானம் கீழே இறங்கும்போது வயிற்றில் இருப்பவை முன்னே தள்ளப்படுகின்றன. நோட்டு ஏறுவது அதனால்தான். வயிற்றுக்குள் காற்று போவதில்லை.

பிறகு உட்கார்ந்து செய்யுங்கள். மூக்கு வழியாக மூன்று எண்ணும் வரை இழுத்து, நாலு எண்ணும் வரை விடுங்கள். மனசுக்குள் ஒண்ணு, ரெண்டு என்று நொடிக்கு ஓர் எண். பதற்றத்தில் இருப்பவர் எண்ணுவதும் வேகமாகத்தான் இருக்கும். முதல் வாரம் எதிரே சுவர்க் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நொடி முள்ளோடு எண்ணுங்கள். இதில் திணறல் இல்லையென்றால் இரண்டாவது வாரம் நாலுக்கு ஆறு. பத்து நொடிக்கு ஒரு மூச்சு, நிமிடத்துக்கு ஆறு. பெரும்பாலானவர்களுக்கு இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கம் மூச்சோடு நன்றாக ஒத்துப்போவது ஏறக்குறைய இந்த வேகத்தில்தான். இதற்கும் கீழே போக வேண்டிய தேவை தொடக்கத்தில் இல்லை. மூச்சை இழுக்கும் பூரகம் 16, அடக்கி வைக்கும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32 மாத்திரை நேரம் என்று மரபில் ஒரு கணக்கு உண்டு; அது தெரிந்தவர் பக்கத்தில் இருந்து பழக்க வேண்டியது. இங்கே கும்பகமே கிடையாது. எந்த இடத்திலும் மூச்சை அடக்க வேண்டாம்.

எண்ணுவது முதல் இரண்டு நிமிடத்துக்கு மட்டும். லயம் பிடித்ததும் எண்ணிக்கையை விட்டுவிட்டு உணர்வைப் பிடியுங்கள்: மூக்கின் ஓரத்தில் காற்று படும் குளிர்ச்சி, அல்லது மார்பு விரிவது, அல்லது வயிறு ஏறி இறங்குவது. இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒரு வாரம் அதிலேயே இருங்கள். தினமும் மாற்றினால் எதுவும் பழகாது. தூசியிலும் சைனஸிலும் மூக்கு அடைக்கிறவர்கள் வயிற்றையே வைத்துக்கொள்ளலாம்.

நெஃப்பும் கிறிஸ்டோஃபர் ஜெர்மர் என்ற உளவியலாளரும் சேர்ந்து வடிவமைத்த எட்டு வாரப் பாடத்திட்டத்தில் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோகிறார்கள். மூச்சைக் காவல் காப்பது போல உற்றுப் பார்க்காமல், அது உடம்பை உள்ளிருந்தே லேசாக ஆட்டுவதை உணரச் சொல்கிறார்கள். நமக்கு இதைப் புரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. உத்தரத்தில் கட்டிய சேலைத் தூளியில் பிள்ளை கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மூச்சும் தூளியின் ஓர் ஆட்டம். ஆட்டுவதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கிடந்தால் போதும்.

என்ன சொல்லித் திரும்புவது

மனசு நழுவியதைக் கண்டுபிடித்த கணம்தான் முக்கியம் என்றோம். அப்போது செய்ய வேண்டியவை இரண்டு. எங்கே போயிருந்தது என்று ஒரே சொல்லில் குறிப்பது: 'யோசனை', 'கவலை', 'சத்தம்'. அடுத்து, வெளிமூச்சோடு ஓர் அழைப்பு. இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம், நீளமானால் அதுவே புது யோசனையாகிவிடும். "சரி, வா." இவ்வளவு போதும். தெருவில் விளையாடப் போன பிள்ளையை இருட்டுகிற நேரத்தில் அப்பத்தா வாசலில் நின்று "வாத்தா உள்ள" என்று கூப்பிடும் குரல் எப்படி இருக்கும்? அந்தக் குரல்.

சொல் உங்கள் வீட்டுத் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருங்கள். "நான் என்னை முழுமையாக நேசிக்கிறேன்" போன்ற வாக்கியங்களை மொழிபெயர்ப்புக் காணொளிகளில் கேட்கலாம். யாரும் யாரிடமும் அப்படிப் பேசுவதில்லை. அதைச் சொன்னதுமே மனசு "அப்படியா? நேத்து என்ன செஞ்சேன்னு ஞாபகம் இருக்கா?" என்று எதிர்வாதம் பேசத் தொடங்கும். திட்டும் குரல் எந்தத் தமிழில் வருகிறது என்று கவனியுங்கள். "உருப்படாத பய", "வெளங்காதவ", "நீயெல்லாம் எங்கிட்டு முன்னேறப் போற". அது அப்பாவிடமோ ஆறாம் வகுப்பு வாத்தியாரிடமோ கேட்ட அதே பேச்சு. அதற்குப் பதில் சொல்லும் குரலும் அதே வட்டாரத்திலிருந்துதான் வர வேண்டும். "விடுத்தா, பாத்துக்கலாம்." "பரவாயில்ல மாப்ள." நண்பனிடம் இதைப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். ஆளை மட்டும் மாற்றிச் சொல்கிறீர்கள்.

திட்டும் குரல் வந்துவிட்டால் அதோடு சண்டை போடவும் வேண்டாம். "திட்டக் கூடாதுன்னு சொன்னாங்க, மறுபடியும் திட்டுறேனே" என்பது இரண்டாவது சுற்றுத் திட்டு. அதற்கும் அதே "சரி, வா".

காலையில் உட்கார்ந்து பழகியதை நாள் நடுவில் பயன்படுத்தும்போது மூன்று மூச்சு போதும். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண் நாற்பது சேலையை விரித்துக் காட்டி, வந்தவர்கள் "அப்புறம் வாரோம்" என்று போய்விட, முதலாளி எல்லார் முன்னாலும் ஒரு சொல் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மூச்சில் நடப்பதற்குப் பேர் வைப்பது: "அவமானமா இருக்கு." இரண்டாவதில்: "இந்த வேலையில எல்லாருக்கும் நடக்குறதுதான்." மூன்றாவதில்: "இப்ப என்ன செய்யலாம்?" பதில் சேலையை மடிப்பதாகக்கூட இருக்கலாம். வீட்டில் என்றால் நெஞ்சில் கை வைத்துக்கொள்ளலாம், அந்தச் சூடு உதவும். கடையில் வைத்தால் "என்ன, நெஞ்சு வலியா?" என்று கூட்டம் கூடிவிடும், ஒரு கையால் மறு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாலே போதும்.

பெரிய காயத்தை முதலில் எடுக்காதீர்கள். வலிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் கொடுக்கும்படியான விஷயங்களில் ஒரு மாதம் பழகுங்கள்: பஸ்ஸை விட்டது, கணக்கில் தப்பியது, வாட்ஸ்அப்பில் தவறான ஆளுக்கு அனுப்பியது. பிளஸ் டூ முடிவு வரும் காலையில் முதல்முறையாகச் செய்து பார்த்துவிட்டு "இது வேலைக்கு ஆகாது" என்று சொல்வது, வெள்ளம் வந்தபின் வைகையில் நீச்சல் பழகப் போவது போல.

தன்னம்பிக்கை எந்த வழியாக வருகிறது

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு கேள்விக்கு விடை எழுதினார்: 'என்னால் இதைச் செய்ய முடியும்' என்ற எண்ணம் மனிதருக்கு எங்கிருந்து கிடைக்கிறது? நாலு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து பார்த்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், தன் உடம்பு தரும் அறிகுறிகளைத் தான் எப்படிப் படிக்கிறோம் என்பது. இவற்றில் வலுவானது முதலாவது.

மூச்சு நேரடியாகத் தொடுவது நாலாவதை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வந்து படிக்கும் மாணவி வகுப்பில் எழுந்து பேச வேண்டும். நெஞ்சு படபடக்கிறது, கை ஈரமாகிறது. "எனக்கு இது வராது" என்பதற்கான சாட்சியாக அவள் அதைப் படிக்கிறாள். காலையில் பத்து நாள் மூச்சோடு உட்கார்ந்தவளுக்குப் படபடப்பு ஒரு பழகிய விருந்தாளி. வரும், இருக்கும், போகும். பேசப்போகும் முன் நாலுக்கு ஆறு என்று ஐந்தாறு மூச்சு விட்டால் துடிப்பு கொஞ்சம் இறங்கும். முழுதாக அடங்காது, அடங்க வேண்டிய தேவையும் இல்லை. நடுங்கும் குரலிலும் பேசலாம் என்று தெரிந்தால் போதும்.

தற்பரிவு தொடுவது முதல் ஊற்றை, சுற்று வழியாக. பேச்சு சொதப்பிவிட்டது. அன்று ராத்திரி தன்னைக் கிழித்துத் தொங்கவிட்டவள் அடுத்த முறை கை தூக்க மாட்டாள், அதனால் செய்து முடித்த அனுபவம் அவளுக்குச் சேரவே சேராது. "சொதப்பிருச்சு, பரவாயில்ல, எங்க விட்டேன்னு பாப்போம்" என்றவள் அடுத்த வாரமும் எழுந்திருப்பாள். பத்து முறை எழுந்தவளுக்கு எப்படியும் மூன்று முறை நன்றாக வந்திருக்கும். நம்பிக்கை சேர்வது அந்த மூன்றில்.

எங்கே பிசகும்

பெரிய பெரிய மூச்சாக இழுப்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் தவறு. தேவைக்கு மேல் வேகமாகவும் ஆழமாகவும் விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை சுற்றும், உதட்டிலும் விரல் நுனியிலும் குறுகுறுக்கும், மூச்சே போதவில்லை என்று தோன்றும். அப்படித் தோன்றியதும் இன்னும் ஆழமாக இழுப்பார்கள், இன்னும் மோசமாகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: எண்ணுவதை நிறுத்தி, கண்ணைத் திறந்து, மூக்கு வழியாகச் சின்ன மூச்சாக விட்டுக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருப்பது. முகத்தில் கவர் வைத்து மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் அது ஆபத்து.

தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து தரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள், அல்லது நின்றபடி செய்யுங்கள். ஆடி மாதத்தில் தெருமுனை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி ஐந்து மணிக்கே தொடங்கிவிட்டால், சத்தத்தை எதிர்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். கேட்கட்டும். "நிறுத்த மாட்டாய்ங்களா" என்று மனசு கிளம்புவதையும் இன்னொரு நழுவலாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.

இரண்டாவது மூன்றாவது வாரத்தில் சிலருக்குக் காரணமில்லாமல் அழுகை வரும், அல்லது பழைய கோபம் கிளம்பும். நல்லவிதமாக நாலு சொல் தனக்கே சொல்லிக்கொண்டதும், அந்தச் சொல் கிடைக்காமல் போன நாட்கள் எல்லாம் நினைவுக்கு வருகின்றன. ஜெர்மர் இதற்குத் தீயணைப்புத் துறையிலிருந்து 'பேக்டிராஃப்ட்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார். நம் விறகடுப்பில் இதைப் பார்த்திருப்போம்: நீறு பூத்துக் கிடக்கும் கங்கில் ஊதுகுழலை வைத்து ஊதினால் முதலில் சாம்பல்தான் கண்ணில் அடிக்கும். பயிற்சி கெடுதல் செய்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை, ஊதிய வேகம் அதிகம். மூச்சை விட்டுவிட்டு, பாதம் தரையைத் தொடும் இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோங்கள். எழுந்து தண்ணீர் குடியுங்கள், பாத்திரம் கழுவுங்கள். மறுநாள் இரண்டு நிமிடம் போதும்.

மூச்சைக் கவனித்தாலே பதற்றம் ஏறுகிறவர்களும் உண்டு. முன்பு மூச்சுத் திணறலோ பெரிய அதிர்ச்சியோ பட்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். அவர்கள் வம்படியாக உட்கார வேண்டியதில்லை, நடக்கலாம். வண்டியூர்த் தெப்பக்குளத்தை அதிகாலையில் சுற்றுகிறவர்களோடு சேர்ந்துகொள்ளுங்கள். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், நிதானமாக நடந்தால் கால் மணி நேரம். இழுக்கும்போது மூன்று அடி, விடும்போது நாலு அடி. கணக்கு விட்டுப்போனால் அதே "சரி, வா". உட்கார்ந்து செய்வதற்கு இது எந்த வகையிலும் குறைந்ததில்லை. வண்டி ஓட்டும்போது மட்டும் இந்த வேலையே வேண்டாம். கோரிப்பாளையம் சிக்னலில் கவனம் ரோட்டில் இருக்கட்டும்.

ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நெஞ்சு வலி, கூடவே வியர்வை என்றால் அது மூச்சுப் பயிற்சிக்கு உரிய நேரம் அல்ல, 108-ஐ அழையுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கமும் சாப்பாடும் கெட்டிருந்தால், அல்லது வாழ்வதே வீண் என்ற நினைப்பு வந்தால், உடனே 14416-ஐ அழைக்கலாம். அது டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஐந்து நிமிட மூச்சு, சிகிச்சைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது. சிகிச்சைக்குப் பதிலாக அல்ல.

விட்டுப்போன நாட்கள்

விட்டுப்போகும். ஊரில் கல்யாணம், பிள்ளைக்குக் காய்ச்சல், சித்திரைத் திருவிழாவுக்கு வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நாலு நாள் உட்காரவில்லை என்றால் ஐந்தாவது நாள் இருபத்தைந்து நிமிடம் உட்கார்ந்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அப்படிச் செய்பவர்கள் பெரும்பாலும் ஆறாவது நாளோடு நிறுத்திவிடுகிறார்கள். காலண்டரில் விட்டுப்போன நாட்களைச் சிவப்பில் சுழிக்கவும் வேண்டாம். ஐந்தாவது நாள் காலை ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, நாடாவைத் தளர்த்திக்கொண்டு, முதல் வெளிமூச்சோடு "சரி, வா" என்று தொடங்குங்கள். அன்றைக்கும் ஐந்தே நிமிடம்.